கடிகாரத்தைத் திருப்பிய மறுநாள்

வார்னுபே,
நவம்பர், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் யுர்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பியும் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நீ எப்படி இருக்கிறாய், முழங்கால் வலி தேவலையா, அந்த வயசானவர்கள் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி வேலை பார்க்கிறவள் வேளைக்கு ஒரு வாய் சாப்பிடுகிறாயா என்று எழுது. சனிக்கிழமை நார்வே கிளம்பும் வேன்காரரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன், தேன் இருக்கிறது, புகைபோட்ட பன்றிக்கொழுப்பு இருக்கிறது, காயவைத்த காளான் கொஞ்சம், அதோடு இந்தக் கடிதம். போனில் நீ கேட்டபோதெல்லாம் தம்பிக்குச் சளிக்காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது, அதனால்தான் பேசவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அவன் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தான், நம் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தூக்கம் கலையும், அவன் காதுபட இதை எப்படிச் சொல்வேன். போன மாதக் கடைசியில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார்களே, அதற்கு மறுநாள் திங்கட்கிழமை, உன் தம்பி ஓட்டி வந்த கார் உன் ஞானத்தாய் எமிலியாவை அடித்துவிட்டது. ஐயோ, எழுதியே விட்டேன். உயிர் இருக்கிறது. கௌனஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இன்னும் கண் திறக்கவில்லை. அவள் கண் திறந்தால் உன்னையும் சேர்த்து நம் வீட்டில் நான்கு பேருக்கு உயிர் வரும், திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியமில்லை. தினமும் விடிந்ததும் அந்த ஒரு செய்திக்குத்தான் காத்திருக்கிறோம்.

எப்படி நடந்தது என்று கேட்பாய், சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சிரிப்புதான், ஒரு மணி நேரம் இனாமாகக் கிடைத்ததாம். பூசைக்குப் பழைய மணிக்கே வந்து கோயில் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நின்றவர்கள் பாதிப் பேர், அதில் உன் அப்பாவும் ஒருவர். பசுவுக்கு யார் போய்ச் சொல்வது, அது பழைய நேரத்துக்கே கத்தி என்னை எழுப்பிவிட்டது, சர்க்கார் சொன்னாலும் மடி கேட்குமா. இப்படிச் சிரித்துக்கொண்டே அன்றைக்குப் பொழுது போனது. திங்கட்கிழமை எமிலியா கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சருகை வாரிச் சுத்தம் செய்யலாம் என்று வாருகோலை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அவள் அம்மா ரோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய கல்லறைத் தோட்டத்தில், அவள் தம்பி அந்தப் பக்கம் புதுத் தோட்டத்தில், நடுவில் அலிதூஸ் போகும் பெரிய ரோடு. வருஷா வருஷம் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டே, அம்மா கல்லறையில் ஏற்றிய மெழுகுவர்த்தியை அணையாமல் கையில் எடுத்துக்கொண்டுபோய்த் தம்பி கல்லறையில் வைப்பாள், தீப்பெட்டி கொண்டுபோகவே மாட்டாள், கேட்டால் அம்மா அனுப்புற நெருப்புடி, நான் நடுவுல கைமாத்தி விடுறவ, அவ்வளவுதான் என்பாள். அன்றைக்கும் அதே மாதிரி, சிவப்புக் கண்ணாடிக் கூட்டுக்குள் எரிகிற மெழுகுவர்த்தியோடு ரோட்டோரமாக நடந்திருக்கிறாள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தலைத்துணி, தூறல் வேறு. இருட்டில் நடக்கிறவர்கள் சட்டப்படி மாட்ட வேண்டிய, வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டர் வீட்டில், பால் வாங்கப் போகும் சாம்பல் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இதையும் நான் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கறுப்புக் கோட்டிலயும் ஒண்ணு மாட்டிக்கோடி என்றால், செத்தவங்க முன்னாடி போய் மினுக்கிக்கிட்டு நிக்கச் சொல்றியா என்று என் வாயை அடைத்துவிடுவாள். அதற்கு முந்தின வாரம் வரைக்கும் அந்த நேரத்துக்கு நல்ல வெளிச்சம் இருந்தது, அந்த நினைப்பிலேயே அவளும் போயிருக்கிறாள், அந்த நினைப்பிலேயே இவனும் வந்திருக்கிறான்.

உன் தம்பி கதவுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு எப்போதும் போலத்தான் வந்தான். வெள்ளிக்கிழமை வெயில் கண்ணில் குத்துகிறது என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அதே நேரம், அதே ரோடு, திங்கட்கிழமை கும்மிருட்டு. வேகம் போர்டில் போட்டிருக்கிற வேகம்தான், போலீஸும் அதைத்தான் எழுதியிருக்கிறது, ஊதச் சொன்னார்கள், ஒரு சொட்டுக்கூட இல்லை. போர்டில் இருக்கும் வேகம் பகலுக்கு என்றும் இருட்டுக்கு என்றும் பிரித்தா போட்டிருக்கிறார்கள். வளைவு திரும்பியதும் முன்னால் தாழ்வாக ஒரே ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. நம் ஊர் டிராக்டர்களில் பாதிக்கு ஒரு பின்விளக்குதான் எரியும், மற்றது போய் வருஷக்கணக்காகும், மாற்ற மாட்டார்கள். ஏதோ ஒரு டிராக்டர் தூரத்தில் போகிறது, பக்கத்தில் போனதும் குறைத்துக்கொள்ளலாம் என்று இவன் நினைத்திருக்கிறான். தூரத்தில் இல்லை, யுர்கா. மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது. ஒரு பெண்பிள்ளை கையிலிருந்த மெழுகுவர்த்தி அது. இன்றைக்கு வரைக்கும் அவன் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருவது அந்த ஒரு வாக்கியம்தான், அந்த வெளிச்சம் தூரத்துல இருந்துச்சும்மா, தூரத்துல இருந்துச்சும்மா என்று. ஓடிப்போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, வருகிற வண்டி எதுவும் மறுபடி அவள்மேல் ஏறிவிடக் கூடாது என்று ரோட்டுக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். முகத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் யார் என்று தெரிந்ததாம். நீ நார்வே போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டில் போய்ப் பணியாரம் தின்றவன் அவன்தானே.

காரைப் போலீஸ் எடுத்துக்கொண்டுபோய்விட்டது. விசாரணை முடிகிறவரைக்கும் லைசென்ஸைப் பிடுங்க மாட்டார்களாம், ஆனால் அவன் சாவியைத் தொட்டால்தானே. வேலைக்குப் போகவில்லை, சாப்பாடு வைத்தால் தட்டு அப்படியே திரும்பி வருகிறது, பீட்ரூட் சூப் வைத்தேன், அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தான், அதற்குப் பிறகு நான் அதை வைக்கவே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கடைக்குப் போனால் ஒருத்தி எமிலியாவுக்காக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், திரும்பியதும் இன்னொருத்தியிடம் போனைப் பாத்துக்கிட்டே ஓட்டியிருப்பான், இந்தக் காலத்துப் பசங்க வேற என்ன செய்வாங்க என்கிறாள். நான் சும்மா விடுவேனா. போலீஸ்காரன் போனைப் பாத்துட்டான்டி, நீ உன் வாயைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன். வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், அது வேறு. கல்லறைத் திருநாளன்று அப்பா என்ன செய்தார் தெரியுமா, மத்தியானமே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ரோட்டில் நின்றுவிட்டார். வருகிற காரையெல்லாம் நிறுத்தினார், ஜனங்களைக் கடத்திவிட்டார், மறுபடி நிறுத்தினார். சிலர் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் இறங்கி வந்து யோவ் பெரியவரே, உமக்கு யாரு இந்த உத்தியோகத்தைக் கொடுத்தா என்று கேட்டானாம். என் மகன் கொடுத்தான்யா என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு போனானாம். கடைசி ஆள் வீட்டுக்குப் போகிறவரை நின்றுவிட்டு வந்தார், கால் வீங்கிவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

இப்போது உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள், எனக்கு எல்லாம் தெரியும்மா என்று ஆரம்பிக்காதே. நீ தினமும் வீடு வீடாகக் காரில் போகிறவள், அங்கேயும் அதே ராத்திரியில்தான் கடிகாரத்தைத் திருப்பினார்கள், உங்கள் ஊரில் இருட்டு எங்களுடையதைவிட மோசம். கடிகாரம் ஒரு நொடியில் திரும்பிவிடும், உடம்பு திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும், மான் கரடிக்கெல்லாம் அதுவும் தெரியாது, அவை பழைய பொழுதுக்குத்தான் ரோட்டைக் கடக்கும், இப்போது அது சரியாக நீ வீடு திரும்பும் பொழுது. தெரிந்த ரோடுதானே என்று கால் தானாக அழுத்தும், அந்தக் காலை நம்பாதே. தெரிந்த ரோடாக இருந்ததனால்தான் உன் தம்பிக்கு இது வந்தது, புது ரோடாக இருந்திருந்தால் தட்டுத் தடுமாறி மெதுவாகத்தான் வந்திருப்பான். கிளம்பும்போது விளக்குக் கண்ணாடியைத் துடை, முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடை, அதை யாருமே துடைப்பதில்லை, மூச்சு படிந்து எதிர் விளக்கெல்லாம் பூத்துப்போய்த் தெரியும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உனக்குக் கொடுத்திருக்கிற நேரம் போதாது என்றால் போதாது என்று உன் மேலதிகாரியிடம் சொல், காத்திருக்கிற கிழவர் இன்னும் கொஞ்சம் காத்திருப்பார், செத்துப்போக மாட்டார். நடந்து போகிறவர்களுக்கு உன் விளக்கு தெரியும், அதனால் தாங்களும் உனக்குத் தெரிவதாக நினைத்துக்கொள்வார்கள், அது பொய். ரோட்டில் எந்த வெளிச்சத்தைப் பார்த்தாலும் அது பக்கத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள். தூரத்தில் இருந்துவிட்டால் என்ன நஷ்டம், கொஞ்சம் மெதுவாகப் போயிருப்பாய், அவ்வளவுதானே. தூக்கம் வந்தால் ஓரங்கட்டித் தூங்கு. வெட்கப்படாதே.

போன வாரம் ஒரு காரியம் நடந்தது, அதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். காலையில் கதவு தட்டியது, திறந்தால் கசிமேராஸ் அண்ணன். எமிலியாவின் புருஷன் நம் வாசலில் நிற்கிறார், கையில் ஒரு பை, அதில் அவளுடைய கம்பளிக் காலுறை. உள்ளே வாங்கண்ணே என்று நான் சொல்வதற்குள் அவர் என்னைத் தாண்டி நேராகத் தம்பி அறைக்குப் போனார். டேய் தோனதாஸ், எந்திரி என்றார். அவன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் உன்னை மன்னிக்க வரலைடா, அது எனக்கு எப்ப வருமோ, வருமோ வராதோ, தெரியாது, நான் வந்தது வேற விஷயம், எனக்குச் சர்க்கரையில ஒரு கண்ணு போச்சு, கார் கிடையாது, பஸ்ஸுல போனா அலிதூஸ்ல மாறி கௌனஸ் போய்ச் சேர்றதுக்குள்ள பார்வையாளர் நேரம் முடிஞ்சுபோகுது, அவளைப் பாக்கணும், நீதான் கூட்டிக்கிட்டுப் போகணும், அப்பா வண்டிச் சாவியை எடு. இவன் முடியாது மாமா, என்னால முடியாது, கை நடுங்குது என்று அழுகிறான். நடுங்கட்டும், நடுங்குற கை மெதுவாத்தான் ஓட்டும் என்றார். அப்பா தானே ஓட்டுகிறேன் என்று முன்னால் வந்தார், உம்மைக் கேக்கலை, இவனைக் கேட்டேன் என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் போகிறார்கள். மாட்டுவண்டி வேகம்தான் போ, முதல் நாள் ஊர்வலம் மாதிரி பின்னால் வரிசை கட்டிக்கொண்டு வந்ததாம், ஹாரன் அடித்தவர்களை கசிமேராஸ் அண்ணன் கண்ணாடியை இறக்கி, தாண்டிப் போடா, மேல உனக்கு இடம் போட்டு வச்சிருக்காங்க என்று திட்டிக்கொண்டே போனாராம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம், சூரியனைப் பாத்துக் கிளம்பு, மணியைப் பாக்காதே என்பாராம். முதலில் இவன் ஆஸ்பத்திரிக்கு உள்ளே போகாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வாசல்ல உக்காந்து விறைச்சுப்போனா யாருக்கு லாபம், உள்ள வந்து பாரு, நீ பாக்க வேண்டியதுதான் என்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அன்று இரவு அவன் ஒரு துண்டு ரொட்டி தின்றான். நேற்று அவள் விரல் அசைந்ததாம், கசிமேராஸ் அண்ணன் கையைப் பிடித்தாளாம், டாக்டர் அதற்கெல்லாம் அர்த்தம் இல்லை என்கிறார், டாக்டருக்கு என்ன, அவர் கையையா பிடித்தாள். நான் ஜெபமாலையும் கையுமாகத்தான் இருக்கிறேன். நீயும் ஜெபம் பண்ணு, அவள் உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கியவள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், பசு கத்துகிறது.

வெள்ளிக்கிழமை. யுர்கா, அவள் போய்விட்டாள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று எடுத்தேன், மனசு வரவில்லை, செவ்வாய்க்கிழமை எங்களுக்கு நம்பிக்கை இருந்தது என்று நீயும் தெரிந்துகொள். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். இன்று காலையும் கசிமேராஸ் அண்ணன் வழக்கம் போல வந்தார், அதே பை, அதே தொப்பி. காப்பி தரட்டுமா என்றேன், தா என்று வாங்கி முழுக்கக் குடித்தார், ஒரு சொட்டு விடவில்லை. அப்பாவின் கால் வீக்கத்தைக் கேட்டார். இருவரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாராம், இந்த வருஷம் ஆப்பிள் காய்ப்பு, புதுப் பாதிரியாரின் குரல், பனி விழுவதற்குள் விறகு அடுக்க வேண்டும், இப்படி. வளைவில் மெதுவா என்றாராம், லாரி வந்தபோது விட்டுக்கொடு என்றாராம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இவன் கதவைத் திறக்கப் போனபோது, சாவியைக் கொடு என்று வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாராம். அதற்குப் பிறகுதான் சொல்லியிருக்கிறார், விடியக்காலையில போன் வந்துச்சுடா, எமிலியா போயிட்டா, இன்னைக்குப் பாக்க வரலை, அவளை வாங்க வந்திருக்கேன், வீட்டுலயே சொல்லியிருப்பேன், சொல்லியிருந்தா நீ எந்த மரத்துல கொண்டுபோய் விட்டிருப்பியோ, அதான் சொல்லலை. இவன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு கதறியிருக்கிறான். அந்த மனுஷர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அழு, நல்லா அழு, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, அழுது முடிச்சதும் சொல்லு, சாவி தர்றேன் என்றாராம். பொண்டாட்டி செத்த செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவளை அடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆப்பிளைப் பற்றிப் பேசிக்கொண்டு அறுபது கிலோமீட்டர் வந்திருக்கிறார். எனக்கு அந்தத் தெம்பு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அடக்கம், அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் பழைய தோட்டத்தில். உன் தம்பி வரக் கூடாது என்று அவள் அண்ணன் மக்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அவன் ஓட்டாம நான் எப்படிப் போவேன் என்று கசிமேராஸ் அண்ணன் கேட்டிருக்கிறார், அது எப்படி முடியுமோ தெரியாது. கேஸ் நடக்கும், தண்டனை வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், வரட்டும், அவன் ஓடப்போவதில்லை. உனக்கு நான் போன் செய்யவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவளை மண்ணில் வைத்திருப்பார்கள். என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமோ திட்டு, உன் ஞானத்தாய்க்கு ஒரு பிடி மண் போட விடாமல் செய்துவிட்டேன் என்று சாகிறவரை சொல்லிக் காட்டு. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று சொன்ன அன்றைக்கே விடிய விடிய ஓட்டி வந்து வழியில் ஸ்வீடனில் வண்டியோடு பள்ளத்தில் இறங்கினவள் நீ, இதைச் சொன்னால் இந்த இருட்டில் கிளம்பாமல் இருப்பாயா. உன்னை எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளையும் ரோட்டுக்குக் கொடுக்க என்னால் முடியாது.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும், மாதா உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும். தேன் பாட்டிலின் மூடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பெட்டியை நிமிர்த்தி வை. தம்பிக்குப் போன் செய், அவன் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே, நீ மூச்சுவிடுவது அவனுக்குக் கேட்கட்டும். நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று அழுகையை அடக்காதே, அந்த வீட்டுக்காரர்களுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிடு. அழுது முடித்த பிறகு வண்டியைத் தொடு.

உன் அம்மா,
லியோகாதியா